ஃபில்டரை அவித்தவள்

1.

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த சரக்கு கொஞ்சம்தான். ஆரணியில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் சுப்பன், களம்பூர் பஸ்சில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொன்னது: "ஒரு பொம்பள, சார், மீன் தொட்டி ஃபில்டர வெந்நீர்ல போட்டு அவிச்சிட்டா. அப்புறம் எங்கிட்ட வந்து அழுக்கு வேணும்னு அழுவுறா." சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. எதற்காக அழுதாள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

மற்றதெல்லாம் நான் போட்டது. பரிமளா என்ற பெயர், வீடு, 2004 என்ற வருஷம், கடல் தாண்டிப் போன புருஷன்.

2.

முதல் தொடக்கம்:

கண்ணாடித் தொட்டிக்குள் ஒற்றையாய்ச் சுற்றிவரும் மீனைப் பார்த்தபடி பரிமளா, தன் தனிமையை...

வேண்டாம். அவளை யார் அப்படி நிற்க விடுவார்கள்? என் அம்மா ரைஸ் மில்லில் நெல் அவித்தவள். அப்பா மாசக்கணக்கில் வெளியூரில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார். அவரை நினைத்துக்கொண்டு அம்மா எங்கும் நின்று நான் பார்த்ததில்லை. அவர் வருவதாகத் தகவல் வந்தால் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். ஏக்கம் என்று எழுதினால் காகிதத்தில் அந்த வார்த்தைதான் இருக்கும். கை என்ன செய்தது என்று எழுத வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்:

வெள்ளிக்கிழமை போன் அடித்தது.

இது நிற்கும்.

3.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறை. பரிமளாவின் புருஷன் பன்னீர்செல்வம் அங்கே ஏசி மெக்கானிக். செல்போனில் கார்டு போட்டுப் பேசுவான். ஆரணி வீட்டில் போன் இருப்பது ஹாலில். அதற்கு நேர் எதிர் நாற்காலியில் இருப்பவள் அவன் அம்மா ரேணுகாம்பாள். அம்மா பேசி முடித்தபிறகுதான் ரிசீவர் பரிமளா கைக்கு வரும்.

"மீனு எப்டி கீது?"

எப்போதும் முதல் கேள்வி இதுதான். போவதற்கு முன் சென்னையிலிருந்து அவன் வாங்கிவந்த டைகர் ஆஸ்கர் அது. கறுத்த உடம்பில் நெருப்புக்கோடு. குட்டியாக வந்தது, இப்போது உள்ளங்கையில் அடங்காது. தொட்டிக்குக் கீழே மரப்பெட்டிக்குள் வாளி மாதிரி ஒரு ஃபில்டர். ஒரு குழாய் தொட்டித் தண்ணீரை அதற்குள் இழுக்கும். இன்னொரு குழாய் வடிகட்டி மேலே அனுப்பும். அட்டைப்பெட்டியில் கேனிஸ்டர் என்று போட்டிருந்தது. வீட்டில் அதற்குப் பெயர் டப்பா.

"நல்லா கீதுங்க. டப்பாலருந்து தண்ணிதான் கம்மியா வருது."

"அடச்சிகினு இருக்கும். கழுவிடு. அடுத்த மாசம் லீவு கேட்டுகீறேன்."

"வரீங்களா?"

"கேட்டுகீறேன்."

"அங்க வெயிலு எப்டின்னு கேளுடி," என்றாள் ரேணுகாம்பாள்.

"அத்த வெயிலு எப்டின்னு கேக்கறாங்க."

"அப்டியேதான் கீதுன்னு சொல்லு."

வைத்துவிட்டான். நீ எப்படி இருக்கிறாய் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருவன் பெண்டாட்டியை அப்படிக் கேட்டு, அவள் சொல்லும் பதில் அம்மா காதில் விழுந்தால் அந்த வீட்டில் வருஷம் முழுக்கக் கேலி நடக்கும். அதனால் மீன் என்று அவன் சொல்வது தன்னைத்தானோ என்று பரிமளாவுக்கு ஒரு சந்தேகம். சில வாரம் அப்படித்தான் என்று நம்புவாள். சில வாரம் மீன் வெறும் மீனாக இருக்கும்.

(இந்தச் சந்தேகத்தைக் கையிலேயே வைத்திருங்கள். எனக்கும் வேறு கைமுதல் இல்லை.)

4.

கழுவிடு என்றான் அல்லவா? ஆரணியில் அந்தச் சொல்லுக்கு வீட்டுக்கு வீடு அர்த்தம் வேறு. பன்னீர்செல்வம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர்கள் வீட்டுக்குப் பட்டு நூல் வெளுத்து, சாயமேறி, உலர்ந்துதான் வந்து சேரும். அவனுக்குக் கழுவுவது என்றால் அலசிப் பிழிவது. பரிமளா சாயப்பட்டறைக்காரர் மகள். கச்சா நூலில் ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு அவித்து அதை எடுத்தால்தான் சாயம் பிடிக்கும். விரலில் துளி வழவழப்பு தட்டினாலும் அவள் அப்பா நூலைத் திரும்ப அண்டாவில் போடச் சொல்வார். அவளுக்குக் கழுவுவது என்றால் கடைசித் தண்ணீர் குடிக்கிற தண்ணீராக வர வேண்டும்.

பின்கட்டுக் குழாயடியில் டப்பாவின் கிளிப்புகளை நெம்பித் திறந்தாள். ஸ்பாஞ்ச் காப்பித்தூள் நிறம். அதற்கடியில் பீங்கான் வளையங்கள், ஒவ்வொன்றின்மேலும் பழுப்பாக ஒரு வழவழப்பு.

"இன்னாடி இது, சாக்கட நாத்தம்!" மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "இதுல பூந்து வந்த தண்ணியிலயா அது இவ்ளோ நாளு நீஞ்சிகினு இருந்துச்சி?"

"பசை, அத்த. அவிச்சா போயிடும்."

(இந்த இடத்தில் அவிப்பதைப் பற்றி மூன்று பாரா எழுதி நீக்கினேன். என் அம்மாவின் மில்லும் புகையும் வந்துவிட்டன. இது வேறொருத்தியின் கதை.)

சோடா போட்டு அவித்தாள். அலசினாள். மறுபடி அலசினாள். மோட்டாருக்குள் இருந்த சின்ன விசிறியைக் கழற்றி, அதில் சுற்றியிருந்த முடியைச் சேப்டி பின்னைக் கொண்டு எடுத்தாள். வளையங்கள் விளக்கிய பல் மாதிரி வெளுத்தன. எல்லாவற்றையும் அடுக்கி, டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடி, குழாய்த் திருகுகளைத் திறந்து சுவிட்சைத் தட்டினாள். உள்ளே காற்று கொடகொடவென்று புரண்டது. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினாள். குமிழிகள் தொட்டிக்குள் ஏறி உடைந்தன. பிறகு சத்தமே இல்லை. கை வைத்தால் மட்டும் தெரிகிற ஓர் அதிர்வு. கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அதும்மேல இன்னாடி கைய வெச்சிகினு? புள்ளயா தூங்குது?"

"ஓடுதான்னு பாக்கறேன், அத்த."

5.

முதலில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. பிறகு அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்தது. மீன் தீனியைத் தொடவில்லை. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

இங்கேயே மீனைக் கொன்றிருக்கலாம். சோகத்துக்குச் சௌகரியம். ஆனால் சுப்பன் கடைக்கு வந்தவள் அழுக்கு கேட்டு வந்தவள். செத்த மீனுக்கு யாரும் அழுக்கு கேட்க மாட்டார்கள்.

"சோடா போட்டா அவிச்ச?" சுப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "அந்த வழவழப்புதாம்மா ஃபில்டரே. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க அதுல குடியிருந்துகினு, மீனு வுட்ற கழிவ துன்னுகினு கெடந்துச்சி. ஊரக் கூண்டோட கொளுத்திட்டு வந்துகீற!"

"எனக்கு யாரும் சொல்லலியே. அவரு கழுவுன்னுதான் சொன்னாரு."

"தொட்டித் தண்ணியிலயே ஒரு அலசு அலசறதத்தாம்மா சொல்லியிருப்பாரு. வுடு. செத்தா வேற குட்டி தரேன், கோடுகூட அதே மாதிரி..."

"வேற வேணாங்க!"

அப்போதுதான் அழுதாள். மீன் செத்தால் வெள்ளிக்கிழமை அவன் எதைக் கேட்பான்? கேட்க ஒன்றுமில்லாதவன் எதற்குப் போன் போடுவான்? இதை மீன் கடையில் வைத்து யாரிடம் சொல்வது? மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்க தொட்டி அழுக்குல கொஞ்சம் குடுங்க" என்றாள்.

"அழுக்குக்கு அழுவுற பொம்பளய இன்னிக்கிதான் பாக்கறேன்." ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை உருவி, தண்ணீரோடு பையில் போட்டுக் கட்டினான். "ஜல்தியா போ, காஞ்சா பூச்சி செத்துடும். தெனம் கொஞ்சம் தண்ணி மாத்து. இதையும் கழுவித் தொலைக்காத!"

6.

அந்த அழுக்கோடு டப்பாவை மூடி மறுபடி ஓட்டினாள். தினமும் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். "கழுவினதுல கொண்டாந்து அழுக்க வெக்கறா, இது இன்னா பேஜாரோ," என்று மாமியார் நாற்காலியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் மீன் கீழே இறங்கி ஒரு வட்டம் வந்தது. தீனியைக் கவ்வியது. தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது.

இதோடு முடிக்கலாம் என்றிருந்தேன். போன் வரும், "நல்லா கீதுங்க" என்பாள், போதும்.

போன் வந்தது.

"மீனு எப்டி கீது?"

பரிமளா தொட்டியைப் பார்த்தாள். மீன் கண்ணாடியை ஒட்டி நின்று துடுப்பை அசைத்துக்கொண்டிருந்தது.

"செத்துப்போச்சிங்க," என்றாள்.

இந்த வரி என் திட்டத்தில் இல்லை. அடித்துப் பார்த்தேன். அடித்தால் இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமைக்கு அவள் மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

ரேணுகாம்பாள் தொட்டியைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். பைத்தியமா உனக்கு என்று கையாலேயே கேட்டாள்.

7.

இனி அவன்தான் பேச வேண்டும். எழுதி வைத்திருப்பவை:

"அய்யய்யோ! இன்னா பண்ணித் தொலச்ச?" (இப்படியென்றால் மீன் மீன்தான்.)

"போவட்டும் வுடு, வந்து வேற வாங்கிக்கலாம்." (வருகிறேன் என்பது இதற்குள் இருக்கிறது. ஆனால் அவள் கேட்டது அதையல்ல.)

"நீ எப்டி கீற?" (அடித்துவிட்டேன். இது என் ஆசை. காத்துக்கிடந்தவளின் மகன் நான். அவளுக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். தவிர, அவனும் ஒரே அறையில் பலரோடு தங்கியிருப்பவன். அங்கேயும் கட்டிலுக்குக் கட்டில் காது.)

மஸ்கட் லைனில் பேச்சு போய்ச் சேர ஒரு கணம் பிடிக்கும். அதை நான் தாண்டப் போவதில்லை. யார் பக்கமும் இல்லாதவர் நீங்கள். அவன் பதிலை நீங்களே போடுங்கள். போடுமுன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: அவன் வாய் திறப்பதற்குள் போனில் ஒரு சத்தம் வந்தது. கட்டிலை விட்டு எழுந்து, ஆள் இல்லாத இடம் தேடி நடக்கிறவனின் செருப்புச் சத்தம் போல இருந்தது. வெறும் லைன் கரகரப்பு போலவும் இருந்தது.

பரிமளா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, மாமியாருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.