ஜெகதீசன் வீட்டுப் பந்து மேசை

காயத்ரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தோளில் பையோடு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தபடியே அடித்துவிட்டுப் போன வெள்ளைப் பந்து, அடுத்த சனிக்கிழமை அவள் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் வரைக்கும் நிற்கவில்லை. அச்சரப்பாக்கத்தில் அந்த வாரம் கத்தரிக்காய் விலை இறங்கியது, ஏரி மதகுக்குப் புதுப் பலகை போட்டார்கள், ஜெகதீசன் வீட்டில் பந்து ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றையும் ஒரே டீக்கடையில்தான் பேசினார்கள். கத்தரிக்காயைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசினார்கள்.

மேசை வந்த கதை அதற்கு முந்தையது. ஜெகதீசன் ஏரிக்குக் கீழே சம்பா போடுகிறவர், கூடவே ஒரு குட்டியானை வண்டி வைத்து ஓட்டுகிறவர். ஒரே மகள் காயத்ரி பொத்தேரியில் தங்கிப் படித்தாள். முதல் வருஷம் வாராவாரம் வந்தாள். இரண்டாம் வருஷம் வாரம் விட்டு வாரம். பிறகு தீபாவளிக்கு வந்தாள், பொங்கலுக்கு வந்தாள், நடுவில் போனில் வந்தாள். லீவு நாளில் அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டபோது, ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் பில்லியர்ட்ஸ் ஆடுகிற இடம் ஒன்று இருக்கிறது என்றாள். அது என்ன மாதிரி ஆட்டம் என்று ஜெகதீசனுக்குத் தெரியாது. ஆனால் கொஞ்ச நாளிலேயே மாமல்லபுரத்துக்கு லோடு ஏற்றிப் போன இடத்தில், ஒரு லாட்ஜ்காரர் கூடத்தை மாற்றிக் கட்டுவதற்காகப் பச்சைத் துணி கிழிந்த மேசை ஒன்றை வாசலில் போட்டிருந்தார். பந்துகளும் கோல்களும் பக்கத்தில் ஒரு பக்கெட்டில் கிடந்தன. இது என்ன என்று கேட்டார், சொன்னார்கள். திரும்பும்போது வண்டியில் மேசை இருந்தது. எதற்கு இது என்று மனைவி பூங்கொடி கேட்டாள். சும்மாதான் என்றார். மகள் மேசைக்காகவாவது வருவாள் என்று நினைத்ததைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

மேசைத் துணிக்கு அடியில் மரம் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கல் இருந்தது. மூன்று பலகைக் கற்கள், ஒவ்வொன்றும் ஆள் கனம். சாமி சிலைகளைக் கயிறு கட்டி இறக்கிப் பழகிய மூர்த்தி என்பவர் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்திலிருந்து இரண்டு ஆட்களோடு கூடவே வந்து, கற்களைக் கூடத்தில் பொருத்தி, இடுக்கில் மெழுகை உருக்கி ஊற்றி, ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். பந்தை நடுவில் வைத்தார்கள். அது கொஞ்சம் யோசித்துவிட்டு வடகிழக்கு மூலைக்கு நடையைக் கட்டியது. மறுபடி வைத்தார்கள், மறுபடி போனது.

"கல்லு நேராத்தான் கீது அண்ணாத்த, உன் வூடுதான் சாஞ்சிகினு கீது" என்று சொல்லிவிட்டு மூர்த்தி பஸ் ஏறினார்.

அது உண்மைதான். அந்த வீட்டுத் தரையின் வாட்டம் ஊரில் பேர்பெற்றது. கன்னி மூலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால், துடைப்பத்துக்கு வேலை வைக்காமல் தண்ணீர் தானாக நடந்து ஈசானி மூலை வழியாக வெளியே போகும். கட்டிய கொத்தனாரைக் கூப்பிட்டு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தவர் ஜெகதீசன். இப்போது அதே வாட்டம் அவருக்கு எதிரியாகிவிட்டது. கால்களுக்கு அடியில் காலண்டர் அட்டையை மடித்து வைத்தார், டயர் ட்யூப்பை வெட்டி வைத்தார், கிழிந்த துணியோடே மேசையை முடித்து மகளை வரச் சொன்னார். காயத்ரி வந்தாள். மேசையைப் பார்த்ததும் அவள் கண் விரிந்ததை அவர் பார்த்தார். இரண்டு முறை அடித்துவிட்டுக் கோலைச் சாத்தினாள். "பந்து அதுவாப் போயி குழில வுழுதுப்பா, இதுல இன்னா ஆட்றது?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

ஜெகதீசனுக்கு மட்டம் பார்க்கத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று, அது நாற்றங்கால். ஆகவே மேசையையும் நாற்றங்காலாக நினைத்தார். ஓரச் சட்டங்களைக் கழற்றினார், கிழிந்த துணியை உரித்தார், ஏரியிலிருந்து களிமண் கொண்டுவந்து கல்லைச் சுற்றி விரல் உயரத்துக்கு வரப்புக் கட்டினார், குழிகளையும் களிமண்ணால் அடைத்தார், தண்ணீர் கட்டினார். கூடத்தின் நடுவே, டிவிக்கு எதிரே, தண்ணீர் நின்றது. பூங்கொடி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் மூலைக்கு மூலை தீக்குச்சியை நட்டு ஆழம் பார்ப்பதும், மேசைக் காலுக்கு அடியில் தகரத் துண்டைச் செருகுவதும், பிறகு உருவுவதுமாக இருந்தார். மேடு தெரிந்த இடத்தில் வயலில் சேற்றை இழுப்பதுபோல் வெறும் உள்ளங்கையால் கல்லை இழுத்து இழுத்துத் தடவினார். கல் நகர்ந்ததா என்று கேட்டால், நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஜன்னல் வழியாகத் தட்டான்கள் வந்து தண்ணீரில் வாலை முக்கிவிட்டுப் போயின. சில நாள் கழித்துத் தண்ணீர் வற்றியது. ஓரத்தில் முதலில், நடுவில் பிறகு என்றில்லாமல், மொத்தக் கல்லும் ஒரே கணத்தில் காய்ந்தது. அதைப் பார்த்ததும் அவர் போதும் என்று எழுந்து குளிக்கப் போனார். களிமண்ணை வழித்தெடுத்த பிறகு, வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கலைவாணன் வந்து புதுப் பச்சைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, ஓரச் சட்டங்களையும் மாட்டிக் கொடுத்தார்.

காயத்ரி வந்தாள், சாப்பிடக்கூட உட்காராமல் ஆடினாள், மறுநாள் கிளம்பும்போது சும்மா ஒரு அடி அடித்துவிட்டுப் போனாள். அந்தப் பந்துதான் நிற்காமல் ஓடியது. ஓரத்தில் முட்டும், திரும்பும், எதிர் ஓரத்தில் முட்டும். ஆறு குழிகளின் விளிம்பையும் உரசிக்கொண்டு போகுமே தவிர விழாது. அவளோடு படிக்கிற பிள்ளைகள் வந்து பார்த்து, உராய்வு என்று ஒன்று இருக்கிறது, இப்படி ஓட முடியாது என்று விளக்கினார்கள். பந்து கேட்டுக்கொண்டே ஓடியது. வாராவாரம் அப்படியே. அவள் ரயில் மேல்மருவத்தூரைத் தாண்டும்போது பந்து தளரும். பூங்கொடி உடனே குழம்பைச் சூடு பண்ணுவாள். டொக், டொக் என்ற சத்தத்துக்குத்தான் அவள் தாளித்தாள், துணி மடித்தாள், மத்தியானம் கண் அயர்ந்தாள். காயத்ரி ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தாள். ஜெகதீசனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த வருஷம் எதுவும் இல்லை, விளைச்சல் உட்பட.

ஒரு சனிக்கிழமை பூங்கொடியின் அண்ணன் திருநாவுக்கரசு ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வந்தார். அவர் எதையும் சத்தமில்லாமல் சாப்பிட விரும்புகிறவர், தன் சத்தத்தைத் தவிர. "மனுசன் ஒரு வாய் நிம்மதியா துன்ன வாணாமா, இன்னா பேஜாரு இது" என்று எழுந்து, ஓடுகிற பந்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். பந்து நின்றது. அடுப்படியிலிருந்து பூங்கொடி கரண்டியோடு வெளியே வந்தாள். அதே நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா, பாலாத்துப் பாலத்து மேல ரயிலு நின்னுடுச்சிப்பா. சிக்னலு பச்சையாத்தான் கீது. டிரைவரு எறங்கிப் பாத்துகினு கீறாரு, ஒண்ணுமே இல்லியாம்."

ஜெகதீசன் மச்சானின் கையைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், எல்லாம் புரிந்துபோனது. கோலை எடுத்து அடித்தார். பந்து ஒரு சுற்றுப் போய் நின்றது. இன்னும் பலமாக அடித்தார், நின்றது. மெதுவாக அடித்தார், அதற்கும் நின்றது. போனில் ரயில் பெட்டிக்குள் குழந்தைகள் அழுவது கேட்டது. மகளை வீட்டுக்கு வரவழைக்க வாங்கிய மேசை, அவளை ஆற்றின் நடுவே வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டார். திருநாவுக்கரசு தன் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூங்கொடி கரண்டியைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுக் கோலை வாங்கினாள். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. "போன வாரம் இன்னும் ஒரு நாள் இரு, இரு-ன்னு நீ புடிச்சி இழுத்த. அவ கோவமா அடிச்சிட்டுப் போனா. நீ கெஞ்சிகினு அடிக்கிற, அது எப்டி ஓடும்?" என்றாள். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியைப் பிடிப்பதுபோல் கோலைப் பிடித்து, கண்ணை மூடி, வாராவாரம் காதில் விழுந்த அந்தச் சத்தம் வருகிற மாதிரி ஒரே அடி. டொக். பந்து ஓரத்தில் முட்டித் திரும்பி ஓட ஆரம்பித்தது. போனுக்குள் தண்டவாளச் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து ஜெகதீசன் மகளை இன்னும் ஒரு நாள் இரு என்று சொல்வதை விட்டுவிட்டார். திருநாவுக்கரசு அந்தக் கூடத்தில் உட்காரும்போதெல்லாம் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்.

பிறகு வருஷங்கள் ஓடின. கொரோனா ஊரடங்கில் காயத்ரி மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தாள். பந்து தானாக அசையவே இல்லை. சும்மா இருந்த நாட்களில் அம்மாவும் மகளும் ஆடினார்கள், அம்மா ஜெயித்தாள். படிப்பு முடிந்து காயத்ரிக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த அரவிந்தனைப் பிடித்திருக்கிறது என்றாள்; ஜெகதீசன் பையனை வரவழைத்து, மேசையில் ஒரு ஆட்டம் ஆடவிட்டு, தோற்றதும் சரி என்றார். கல்யாணம் முடிந்து அவள் அடித்துவிட்டுப் போன பந்து நாலு மாதம், ஐந்து மாதம் என்று நிற்காமல் ஓடியது. தொலைவு கூடக் கூடச் சத்தம் மெலிந்ததே தவிர, நிற்கவில்லை.

முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று ஜெகதீசன் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். டாக்டர் ரயில் ஏறக் கூடாது, ரத்த அழுத்தம் இருக்கிறது என்றுவிட்டார். ஜெகதீசனுக்கு வருத்தம் பொறுக்கவில்லை. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நடவு நேரம், வயலை விட்டு அவர் நகர முடியாது. பூங்கொடி மட்டும் கிளம்பினாள். கிளம்பும்போது மஞ்சள் பந்து ஒன்றை எடுத்து வைத்து, வண்டிக்கு நேரமாச்சு என்றபடி ஒரு அடி அடித்தாள். அதுவும் ஓடியது. ஜெகதீசன் தயிர்ச் சோறு தின்றுகொண்டு இரண்டு சத்தத்தையும் கேட்டார். வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, ஒரு தடவைகூட முட்டாமல் ஓடின.

ஒரு காலை, அவர் வயலுக்குக் கிளம்புகிற நேரத்தில், வெள்ளைப் பந்து தளர்ந்தது. அவள் வரும்போது தளர்வது அவருக்குத் தெரியும். ஆனால் அவள் வரவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேசையருகே போய் நின்றார். பந்து ஓரத்தைத் தொடாமலே பாதியில் தயங்கியது. கோல் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. தான் அடித்தால் கெஞ்சலாகத்தான் அடிப்போம் என்று அவருக்குத் தெரியும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. வெள்ளைப் பந்து நிற்கப் போகிற இடத்துக்கு மஞ்சள் பந்து வந்தது. அத்தனை நாளில் முதல் தடவையாக அதை முட்டியது, உரக்க இல்லை, தூங்குகிறவளைத் தோளில் தட்டுகிற அளவுக்கு. வெள்ளை திடுக்கிட்டு மறுபடி ஓடியது. அதன் பிறகு ஓரமாகக் கிடந்த சிவப்புப் பந்து, யாரும் தொடாமல், தானாக உருள ஆரம்பித்தது.

ஜெகதீசன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, பரணிலிருந்து தொட்டில் கம்பியை இறக்கித் துடைக்க உட்கார்ந்தார். போன் அடித்தது. பூங்கொடி அழுகையும் சிரிப்புமாக, கொஞ்ச நேரம் உயிரே போயிடுச்சி, இப்ப ரெண்டு உயிரும் நல்லா கீது என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். பொண்ணா பையனா, அத்த மட்டும் சொல்லு" என்றார்.

பெண்தான். ஐந்தாம் மாதம் எல்லோரும் ஊருக்கு வந்தார்கள். ஜெகதீசன் காலையிலிருந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்தே தளர்ந்து, வாசலில் கார் நின்றதும் நின்றன. சிவப்பு மட்டும் ஆரத்தி சுற்றி முடிகிற வரைக்கும் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரவிந்தன் வாசற்படி தாண்டியதும் அதுவும் அடங்கியது. காயத்ரி இளைத்திருந்தாள். இந்தத் தடவை லீவு முடியும் வரைக்கும் இங்கேதான் என்றாள். ஜெகதீசன் சரி என்று மட்டும் சொன்னார்.

பிறகு பந்துகளை ஒதுக்கிவிட்டு, பூங்கொடியின் பழைய புடவையைப் பச்சைத் துணியின் நடுவில் விரித்து, குழந்தையை அதில் கிடத்தினார். அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்த குழந்தை. கையையும் காலையும் உதறிச் சிரித்தது. வலது பக்கமும் சாயவில்லை, இடது பக்கமும் சாயவில்லை.

"மட்டம் சரியாத்தான் கீது" என்றார் ஜெகதீசன்.