கசட் பெட்டியில் குங்குமம்

விலைவாசி ஏறினால் எல்லோருக்கும்தான் வயிறு எரியும். தினேஸுக்கு மட்டும் மச்சினன் ரமேஸைப் பார்த்து எரிந்தது.

கண்டியில் தினேஸ் முன்பு வேலை பார்த்த விளையாட்டுச் சாமான் கடையை மூடியபோது, கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக விற்காத டி.வி. கேம் கசட்டுகளை முதலாளி அவன் தலையில் கட்டிவிட்டார். வருடக்கணக்காக அவை கட்டிலுக்கடியில் கிடந்தன. "இந்தக் குப்பைய எடுத்துட்டுப் போடா" என்று அவனேதான் ரமேஸிடம் கொடுத்தான். பெரிய தர்மம் செய்துவிட்டதாக அன்று நினைப்பு வேறு.

பிறகு டொலர் எகிறியது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றது. பாண், காஸ், பால்மா என்று ஒவ்வொன்றாக விலை ஏற, புது கேம் மெஷின் வாங்க முடியாதவர்கள் பழசைத் தேடினார்கள், பழசும் ஏறியது. முன்பு ஆயிரம் ரூபாய்க்குக் கேட்பாரற்றுக் கிடந்த மெஷினை ரமேஸ் திருத்தி, கசட்டும் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்கு விற்றான். டொலர் கொஞ்சம் இறங்கிய பிறகும் அந்த விலை இறங்கவில்லை. ரமேஸ் கட்டுகஸ்தோட்டையில் சொந்தமாகக் கடை போட்டான். தினேஸ் புடவைக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி முன்னுக்கு வந்தா நமக்கு நல்லதுதானேங்க" என்றாள் மனைவி ஜெயராணி.

"யாரு வேணாம்னா?" என்றான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடச் சரஸ்வதி பூசைக்கு ரமேஸ் இருவரையும் கடைக்கு அழைத்தான். மேசையில் ஸ்க்ரூ டிரைவர்கள், திருத்திய மெஷின்கள். நடுவில், பூ வைத்து, பாவிக்காத ஒரு கசட் பெட்டி. பழைய கடையின் விலைச்சீட்டு அதன் மூலையில் அப்படியே இருந்தது: நானூற்றைம்பது ரூபாய்.

"கொழும்புல ஒருத்தர் இதுக்கு ஒன்றரை இலட்சம் பேசியிருக்காரு மச்சான். பெட்டி புதுசு மாதிரி இருக்குதுல்ல, அதுக்குத்தான் அந்த விலை. அட்டையில கறை பட்டா பத்தாயிரங்கூட வராது."

ஒன்றரை இலட்சம்! தினேஸின் கட்டிலுக்கடியில் கரப்பான் ஓடிய பெட்டி.

"வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை நீங்க. நீங்களே பொட்டு வைங்க" என்று ரமேஸ் சந்தனக் கிண்ணத்தை நீட்டினான்.

தினேஸ் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தான். பெட்டியிடம் வந்ததும் விரல் நிற்கவில்லை. புடவைக்கடைப் பூசையில் கத்திரிக்கோலுக்குப் பொட்டு வைப்பார்கள், சேலைக்கு வைப்பார்களா? அது அவனுக்குத் தெரியாததல்ல. ஈரச் சந்தனத்தை அட்டையின் நடுவில் நன்றாக அழுத்தி, குங்குமத்தையும் தாராளமாக அப்பிவிட்டு, பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டான். சாமி காரியம், யார் என்ன சொல்ல முடியும்? நெஞ்சு குளிர்ந்தது.

"ஐயோ!" என்றாள் ஜெயராணி.

"பரவாயில்லக்கா, சாமிக்குத்தானே" என்ற ரமேஸின் முகம் வெளுத்திருந்தது. இருந்தாலும் சூடம் காட்டி முடித்தான். பிறகு பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் தினேஸிடம் நீட்டினான்.

"ஒங்க சாமான வச்சுத்தானே மச்சான் இந்தக் கடையே வந்துச்சு. இத விக்கிற காசு ஒங்களுக்குத்தான்னு அக்காகிட்ட போன வாரமே சொல்லிட்டேன். பூசையில வச்சு ஒங்க கையில குடுக்கணும்னு இருந்தேன். இப்ப வர்றது வரட்டும், வச்சுக்குங்க."

தினேஸ் வாங்கிக்கொண்டான். குங்குமம் அட்டையில் ஊறிப் பரவியிருந்தது. போன காசை நினைத்து நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தான்; அடைக்கத்தான் செய்தது. ஆனால் அதைவிட, இப்படித் தூக்கிக் கொடுக்க இவனால் முடிகிறதே, நமக்கு அந்த மனசு வரவில்லையே என்று, முன் எப்போதும் இல்லாத அளவுக்கு அவனைப் பார்த்து வயிறு எரிந்தது.