மலைக்குப் பின்னால் சூரியன்

அவர்கள் எங்கள் ஊரில் எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்களுடைய வாடகைக் கார் சென்னைக்குக் கிளம்பியது. அதில் அறுபத்தொன்பது மணி நேரம் எனக்கு எதுவும் விளங்கவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். ஹென்ரிக் கேள்வி கேட்பவர். இன்னொருவர் படம் பிடிப்பவர், ஒலிப்பதிவும் அவரே. டென்மார்க் டெலிவிஷனுக்காக இங்கா லுண்ட் என்ற ஓவியரின் வாழ்க்கையைப் படமெடுக்கிறார்கள். அந்த அம்மாள் 1938இல் இங்கே வந்து, செங்கம் சாலையில் எங்கள் வீட்டுப் பின்னறையை வாடகைக்கு எடுத்து, மலையை மட்டுமே வரைந்தவர். 1946இல் இறந்தார். அதன் பிறகுதான் அவர் நாட்டில் அவருக்குப் பெயர் வந்ததாம். எங்கள் ஊரில் அவர் படக்காரம்மா.

டெலிவிஷனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பி.எஸ்சி. தேர்வுக்காக அதிலிருக்கிற படக்குழாயை வரைந்து பாகம் குறித்திருக்கிறேன், அவ்வளவுதான். அப்பா பக்கத்து வீட்டில் விளக்கினார்: "வீட்டுக்கு வீடு ஒரு சின்ன சினிமா கொட்டாய். அதுல நான் வரப் போறேன்."

அப்பா இராமலிங்கம், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படக்காரம்மாவைக் கடைசி மூச்சு வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் என்பதுதான் ஊரில் அவருடைய பெயர். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அந்த அறையைப் பார்க்க வருவார்கள். அப்பா கதவைத் திறந்துவிட்டு, அதே வார்த்தைகளில் அதே கதையைச் சொல்வார். கடைசித் தண்ணீரை அவர்தான் தன் கையால் கொடுத்தாராம். படம் முடிந்ததும் அந்த அறைச் சுவரில் அப்பாவின் பெயரோடு ஒரு பித்தளைத் தகடு பதிக்கப் போவதாக ஹென்ரிக் சொல்லியிருந்தார். தகட்டை எங்கே பதிப்பது என்று அப்பா சுவரில் பென்சிலால் குறி போட்டு வைத்திருந்தார்.

என் வேலை மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் நன்றாக எழுதுவேன். பேசியது கிடையாது. முதல் நாள் முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அப்பாவின் கதையை அப்படியே சொன்னேன். எனக்கு அது மனப்பாடம்.

குழப்பம் இரண்டாம் நாள் ஆரம்பித்தது.

ஹென்ரிக் ஒரு பெட்டியைத் திறந்து பத்தொன்பது வண்ண அச்சுகளைக் கட்டிலில் பரப்பினார். படக்காரம்மா கடைசி இரண்டு வருஷம் வரைந்தவை. அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்தில் காமிராவை வைத்து, முதலில் ஓவியத்தையும் அது மறைய மறைய அதே மலையையும் காட்ட வேண்டும் என்பது ஹென்ரிக்கின் திட்டம். ஜன்னலில் வைத்தார்கள், பொருந்தவில்லை. மொட்டை மாடிக்குத் தூக்கினார்கள், அங்கேயும் பொருந்தவில்லை. தோட்டத்தில் முருங்கை மரத்தடியில், சாலைக்கு அப்பால், ஒரு லாரியின் மேல்கூட வைத்துப் பார்த்தார்கள். ஹென்ரிக் அச்சைக் கையில் பிடித்தபடி மலையைப் பார்ப்பார், அச்சைப் பார்ப்பார். கலைஞர்கள் கண்ணால் கண்டதை அப்படியே வரைவதில்லை என்று பிறகு தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அதற்கு முந்தைய ஆறு வருஷத்து ஓவியங்கள் எல்லாம் ஜன்னலோடு அச்சு அசலாகப் பொருந்தின.

நான் கட்டிலருகே நின்று பார்த்தேன். பதினொரு ஓவியங்களில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எழுந்துகொண்டிருந்தது. அவற்றின் பின்பக்கத்தில் அந்த அம்மாள் 'காலை' என்று எழுதியிருந்தாராம்.

எங்கள் வீட்டுக்கு மலை வடக்கே இருக்கிறது. சூரியன் வலது கைப்பக்கம் உதிக்கும். வருஷத்தின் எந்த நாளிலும் எங்கள் ஜன்னலிலிருந்து மலைக்குப் பின்னால் உதிக்க முடியாது. மலையைச் சுற்றுகிற எல்லாருக்கும் தெரியும், ஒவ்வொரு பக்கத்துக்கும் அது வேறு மலை. இந்த ஓவியங்களில் இருந்தது மேற்கிலிருந்து தெரிகிற மலை. அடி அண்ணாமலைக் கிராமத்து மலை.

ஆனால் கடைசி இரண்டு வருஷம் படக்காரம்மாவால் நடக்க முடியவில்லை. அதை அப்பாவே சொல்லியிருந்தார். ஆறு மைல் தினமும் யார் தூக்கிப் போனது?

அப்பாவிடம் கேட்டேன். காய்ச்சல் ஜாஸ்தியாக இருந்ததென்றும், மனசில் பட்டதையெல்லாம் அந்த அம்மாள் வரைந்தாரென்றும் சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடப் போனார். பெட்டி அவர் கையில்தான் இருந்தது.

அம்மாவிடம் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூன்று தண்ணீர் ஊற்றியாயிற்று. நான் கேட்டதும் நாலாவது தண்ணீர் ஊற்றினாள்.

"சூரியன் எந்தப் பக்கம் உதிச்சா உனக்கு என்னடி? படிச்சது போதாதா?"

"சும்மா கேட்டேம்மா."

"சும்மா கேக்கறதை அப்பாகிட்ட கேக்காத. ரெண்டு நாள்ல அவங்க போயிடுவாங்க. நாம இங்கதான் இருக்கணும்."

எனக்குப் பயம் வந்தது. எதற்கென்று தெரியவில்லை. அன்றிரவு பத்தொன்பது அச்சுகளும் கண்ணுக்குள் இருந்தன. கணக்கு எங்காவது தப்பா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தப்பு இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை மாலை ஹென்ரிக் தோல்வியோடு காமிராவைப் பெட்டியில் வைக்கும்போது, நான் தரையைப் பார்த்தபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். இது மேற்குப் பக்கத்து மலை என்று. அவர் ஓர் அச்சை எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு விடியற்காலை ஐந்து மணிக்குக் கார் வேண்டும் என்றார்.

அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். சலவை வேட்டி கட்டிக்கொண்டு முன்சீட்டில் முதலில் ஏறி உட்கார்ந்தவர் அவர்தான். அடி அண்ணாமலையில் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், யாரும் கேட்காமல், இடது பக்கம் திரும்பும்படி டிரைவருக்குக் கை காட்டினார்.

ஒரு கேணி, அதன் மேல் இரண்டு கல்தூண்கள், ஒன்று சாய்ந்தது. ஓவியங்களில் பாதிக்கு மேல் அந்தச் சாய்ந்த தூண் இருந்தது. ஹென்ரிக் அச்சைத் தூக்கிப் பிடித்தார். மலை, தூண், கேணி எல்லாம் பொருந்தின. அவர் சத்தமில்லாமல் சிரித்தார். படம் பிடிப்பவர் ஓடிப்போய் முக்காலியை ஊன்றினார்.

கேணிக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுக்கொட்டகை. உள்சுவரில் ஆள் உயரத்துக்கு நீலமும் காவியும் தீற்றித் தீற்றித் துடைத்த தடங்கள். தூரிகை துடைத்தவை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாணிக்கூடையோடு ஒரு கிழவி வந்தாள். அவளுடைய கொட்டகைதான். பெயர் வெள்ளையம்மாள். அவள் எங்களையோ காமிராவையோ பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"வாங்க ஆபீசரே. இருபத்தோரு வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

வெள்ளையம்மாளிடம் கேட்டுச் சொல்ல ஹென்ரிக் அவசரப்படுத்தினார். கேட்டேன். படக்காரம்மா இரண்டு வருஷம் இந்தக் கொட்டகையில்தான் இருந்தாராம். கட்டிலைத் தூக்கிக் காலையில் வெளியே போடுவார்களாம். கூழ்தான் சாப்பாடு. செத்ததும் இங்கேதான், அவள் மடியில்தான். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஹென்ரிக் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசித் தண்ணீர் என்று முதல் நாள் நான்தான் சொல்லியிருந்தேன்.

நடக்க முடியாத அந்த அம்மாள் இங்கே எப்படி வந்தார் என்று கேட்கச் சொன்னார்.

வெள்ளையம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். "என்னை இன்னாத்துக்குக் கேக்கறே? வண்டி அவரோடது. அவரைக் கேளு."

வண்டி என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

ஹென்ரிக் காமிராவை அப்பா பக்கம் திருப்பச் சொன்னார். சுருளில் மூன்று நிமிஷத்துக்குத்தான் பிலிம் மீதி என்று படம் பிடிப்பவர் விரலைக் காட்டினார். காமிரா ஓடுகிற சத்தம் கேட்டது. மலைக்குப் பின்னால் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது.

அப்பா மைக்கை விட்டு விலகி வந்து என் எதிரில் நின்றார். நான் அவரை அவ்வளவு அருகில் பார்த்து நாளாயிற்று. மிகத் தாழ்ந்த குரலில், தாலுகா ஆபீசில் மனு வாசிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு நிமிஷம் ஆயிருக்கும். நடுவில் ஒரு தரம் என் தலையைத் தொட்டார். சொல்லி முடித்துவிட்டு, "அவங்களுக்குத் தமிழ் தெரியாது. நீ பாத்துச் சொல்லும்மா" என்றார்.

உண்மைதான். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. வெள்ளையம்மாளுக்கும் அப்பாவுக்கும் அவ்வளவு இங்கிலீஷ் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அதுதான் டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு கேட்கும். நல்ல காற்றுக்காகக் கொண்டுவந்து விட்டார் என்று சொல்லலாம். நாலைந்து வார்த்தை. சுவரில் போட்ட பென்சில் குறி அப்படியே இருக்கும்.

"என்ன சொல்கிறார்?" என்று ஹென்ரிக் கேட்டார்.

சூரியன் உச்சிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. ஓவியத்தில் இருந்த அதே இடத்தில். கண் கூசியது. நான் தரையைப் பார்க்கவில்லை. காமிராவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அந்த அம்மாள் ரத்தம் ரத்தமாக இருமினார். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருந்தது, அதற்கும் இருமல். அப்பா அவரை வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. அந்தக் குழந்தை நான்தான்."