என்னைத் தெரியாது என்ற திரை

என் கல்யாணத்தை முடித்துவைத்தது ஒரு கம்ப்யூட்டர். தரகர் இல்லை, ஜாதகம் இல்லை. முதலில் பெண்வீட்டார் முன்னால் என் மானத்தை வாங்கிச் சிலாங்கூர் ஆற்றில் கரைத்தது. அப்புறம் தாலியை எடுத்துக் கொடுத்தது. இதைச் சொன்னால் என் மச்சான் உமாபதி மட்டும் "சுத்தப் புளுகு" என்பார். எண்பத்தேழில் என் தோளை ஒட்டி நின்று பார்த்தவரே அவர்தான்.

அப்போது நான் செம்பனைத் தோட்ட ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. குளிரூட்டி போட்ட பின்னறையில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. கடிதம் எழுதித் திருத்த 'வி.ஐ.' என்ற எடிட்டரை வட்டு வட்டாகச் செருகி ஏற்றியவன் நான். உடனே தலைகால் புரியவில்லை. "நான் இருமினால் அது எழுந்து நிற்கும்" என்று பெண்வீடுவரை சேதி அனுப்பினேன்.

இருமலைக் கேட்கவே ஒருநாள் சொல்லாமல் வந்துவிட்டார்கள். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து பெண்ணின் அப்பா, தோட்டக் கங்காணி செல்லையா மண்டோரும் மகன் உமாபதியும்.

"தம்பி, ஆபீசுல நீங்க பெட்டியத் தொடைக்கத்தான் செய்றீங்கன்னு ஒரு பேச்சு. ஒருவாட்டி ஓட்டிக் காட்டுங்க. பொண்ணக் குடுக்கிறவன் பாத்துக்கணுமில்ல?"

பின்னறைக்குள் வெளியாளை விடக்கூடாது. முன்னறையில் அன்று காலைதான் வேறொரு கம்பெனித் திரையை அதே கம்ப்யூட்டரோடு இழுத்து இணைத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்து, பியானோக்காரனைப்போல் விரலை உயர்த்தி, எடிட்டரைக் கூப்பிட்டேன்.

திரையில் ஒரே ஒரு வரி இங்கிலீஷில் வந்தது. உமாபதி இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர்.

"அப்பா, 'நீ எந்த மாதிரித் திரையில உக்காந்திருக்கேன்னு எனக்குத் தெரியாது'ங்குது. வேலை பாக்கிறவர அதுக்கே தெரியல லா!"

எனக்குக் காது மடல் பற்றி எரிந்தது. டைப்பிஸ்ட் நவமணி தட்டுவதை நிறுத்திவிட்டாள். மூலையிலிருந்த காற்றாடிகூட என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது, சத்தியம். மேசைக்கடியில் குழி இருந்திருந்தால் பத்தாங் காலி ஊரில் போய் எழுந்திருப்பேன்.

"இது இன்னைக்கு ஓடுச்சுன்னா, கல்யாணப் பந்தியில எச்சில் இலை பூரா நானே எடுக்கிறேன்" என்றார் உமாபதி.

கரண்ட் சரியில்லை, எலி கம்பியைக் கடித்துவிட்டது என்று ஏழெட்டுப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்க முடியவில்லை.

"ஏன்னு தெரியல ஐயா. பெருமைக்குச் சொல்லி அனுப்பிட்டேன். புத்தகத்தப் பாத்தாத்தான் தெரியும்."

"பாருங்க தம்பி. நாங்க உக்காந்திருக்கோம்."

தலையணை கனத்தில் கையேடு. புரட்டினேன். பின்னறைத் திரையை மட்டுமே எடிட்டருக்கு அறிமுகம் செய்திருந்தேன், இது புதுமுகம். இந்தத் திரையின் வகையை அடித்து, மறுபடி கூப்பிட்டேன். வெற்றுப் பக்கம் விரிந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நெளிகோடுகள்.

"என்னா அது, புழுவா?" என்றார் உமாபதி.

அவர் பெயரை அடித்தேன். பிறகு இரண்டே தட்டு, பெயர் மாயம்.

"ஏய், என் பேரு எங்க?"

இன்னொரு தட்டு. திரும்ப வந்தது.

செல்லையா மண்டோர் வாய்விட்டுச் சிரித்தார். "தெரியாததத் தெரியலன்னு அந்தப் பெட்டியும் சொல்லுது, இந்தப் பையனும் சொல்றான். பேசி முடிச்சிரலாம். டேய் உமாபதி, நீ இலை எடுக்க ரெடியாயிரு."

போன மாதம் பேத்தி பிறந்தநாளில், என் மச்சான் மூவாயிரம் எச்சில் இலை எடுத்த கதையை ஆரம்பித்தேன். "புளுகு" என்று எழுந்தார் உமாபதி.

"அண்ணே, அன்னைக்கு வேட்டியெல்லாம் சாம்பார். மறுநாள் நாந்தானே தொவச்சேன்?" என்றாள் என் மனைவி திலகம்.

உமாபதி பேத்தியைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சரி லா, நடந்துச்சு. ஆனா மூவாயிரம் இல்ல."