சேமித்தாகிவிட்டது என்றது பெட்டி

கொழும்பிலிருந்து வந்த பாக்கியரத்தினம் சேரும் நானும் போட்ட சண்டை கணினியின் ஒரு கோப்பு முறைமையைப் பற்றியது. வாகரைப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்த மாதங்களில், திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மேல்மாடியில், இரண்டு படித்த மனிதர்கள் இதற்காகக் குரல் உயர்த்தினார்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

நாங்கள் ஒரு நிவாரண அமைப்பு. இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்று மக்கள் தெற்கே நடந்து நடந்து மட்டக்களப்பு முகாம்களில் போய் ஒதுங்கியிருந்தார்கள். அங்கேயிருந்த எங்கள் கிளை, யார் எந்த முகாமில் என்று பதிந்து, நாளாந்தம் ரெலிபோன் வழியாக மோடத்தில் எங்களுக்கு அனுப்பும். இங்கே அது ஒரு சேர்வரில், தரவுத்தளத்தில் போய்ச் சேரும். உறவைத் தேடி வருகிறவர்கள் மேசைக்கு முன்னால் நின்று பெயர் சொல்வார்கள். நஜ்முன் நிஸா தேடிச் சொல்வாள். கிண்ணியாவிலிருந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் துறை கடந்து வருகிற பெண் அவள். தட்டச்சில் அவளுடைய விரல்களை என் கண்ணால் பின்தொடர ஏலாது. சேர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

கோப்பு முறைமை என்பது பெரிய வித்தை இல்லை. எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்த அரிசிக் களஞ்சியத்தையே நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை வந்தால் எந்தத் தட்டில் வைப்பது, எந்தத் தட்டு வெறுமையாக இருக்கிறது, எது யாருடையது என்று பார்க்க ஒரு களஞ்சியக்காரன் வேண்டும். வட்டுக்குள் அந்த ஆள்தான் கோப்பு முறைமை. தரவுத்தளம் மூட்டையை அவன் கையில் கொடுக்கும். அவன் வைத்துவிட்டேன் என்பான். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை நல்லவனும் கெட்டவனும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். வேலை நடுவில் விளக்கு அணையும்போதுதான் ஆளைத் தெரியும்.

எங்களிடம் முதலில் இருந்தவன் எதையும் குறித்து வைக்காதவன். விளக்கு அணைந்து திரும்ப வந்தால், களஞ்சியம் முழுவதையும் மூட்டை மூட்டையாக எண்ணிப் பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பான். அவன் எண்ணி முடிக்கும்வரை மர வாங்கில் வரிசையாக இருந்து சனம் காத்திருக்கும். அந்தத் தொல்லை பொறுக்காமல்தான் கொழும்பிலிருந்து பாக்கியரத்தினம் சேரை அனுப்பினார்கள். அவர் கொண்டுவந்தது எக்ஸ்எஃப்எஸ்.

அவன் கெட்டிக்காரன், அதை மறுக்கமாட்டேன். மூட்டையைத் தொடுவதற்கு முன்பே, இன்ன தட்டு இன்னாருக்கு என்று வாசல் பலகையில் எழுதிவிடுவான். விளக்கு போய் வந்தால் பலகையைப் பார்த்து ஒரு நொடியில் கடையைத் திறப்பான். ஆனால் மூட்டையை மெதுவாகத்தான் கொண்டுவருவான். நாலைந்து சேர்ந்ததும் ஒரே நடையில் தூக்கலாம் என்று பார்த்திருப்பான். அதற்கிடையில் விளக்கு அணைந்தால்? தட்டு இருக்கும், தட்டில் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

மூன்றாவதாக ஒருவன் இருந்தான்: எக்ஸ்ற்-3. தட்டின் பெயரை மட்டுமல்ல, மூட்டைக்குள் இருப்பதையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் நகரவேண்டும் என்று அவனுக்குக் கட்டளையிடலாம். ஒரே பொருளை இரண்டு தரம் எழுதுவதால் ஆமை வேகம்தான். எனக்கு அவன்தான் வேண்டும் என்றேன்.

"பாதி வேகமும் இல்லை, ஐசே," என்றார் பாக்கியரத்தினம் சேர். "நான் அளந்து பாத்தனான். உங்களிட்ட யூபிஎஸ் இருக்குத்தானே? கரண்ட் போனாலும் பற்றறியில ஓடும். ஆறுதலா நிப்பாட்டலாம். பிறகென்ன பயம்?"

"இருக்கு சேர். ஆனா..."

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம்."

"யூபிஎஸ்ஸையும் நிப்பாட்டிப்போடுவினம் சேர்."

"யூபிஎஸ்ஸை ஆர் நிப்பாட்டுவான்? விசரனோ?"

நிஸா கணினித் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

எங்கள் ஊரின் பழக்கம் அவருக்குத் தெரியாது. வெடிச்சத்தம் கேட்டால் நாங்கள் கட்டிடத்தை ஆளில்லாத கட்டிடமாக்கிவிடுவோம். யன்னலை இழுத்து மூடுவது, மெயின் சுவிச்சை இறக்குவது, நிலத்தில் குந்துவது. யாரும் சொல்லித்தந்ததில்லை, கை தானாகப் போகும். சுற்றிவளைப்பு வந்தால், பூட்டிய அலுவலகம் என்று நினைத்துத் தாண்டிப் போகட்டும் என்பதுதான் கணக்கு. ஆனால் மெயின் இறங்கிய கணமே, கரண்ட் போய்விட்டது என்று யூபிஎஸ் கூவத் தொடங்கும். பீப். பீப். பீப். அப்படி அமைதியான வீதியில் அது வாசல்வரை கேட்கும். ஒருமுறை ஆமிக்காரர் அந்தச் சத்தத்தைத் தேடி மாடிக்கே ஏறி வந்து, பெட்டியைத் துவக்கால் தட்டி, என்ன இது என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து மெயினோடு யூபிஎஸ்ஸும் அணையும். கூவாத யூபிஎஸ் கேட்டு எழுதியிருந்தேன். கூவுவதுதான் அதன் பாதுகாப்பு அம்சம் என்று பதில் வந்தது.

இவ்வளவையும் சேருக்கு விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிவிட்டு எக்ஸ்எஃப்எஸ்ஸைப் போட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் இராசமலர் வந்தா. இலங்கைத்துறைக்காரி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த இடத்தில் சண்டை மூண்டு, திரும்பப் போக ஏலாமல் பாலையூற்றில் தமக்கை வீட்டில் தங்கியிருந்தா. புருசன் தம்பிராசா ஊரோடு ஒதுங்கியவர். உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது.

"அந்தாளைக் கடலில விட்டாக் கரை பிடிக்கும் பிள்ளை," என்று நிஸாவிடம் சொன்னா. "தரையிலதான் ஒண்டும் தெரியாது. சந்தைக்கு விட்டாலே நான் தேடிப் போகோணும்."

"நாங்க தேடுறம் அக்கா, பயப்படாதீங்க."

அவவுக்கு முகாமின் பெயர் வேண்டும். போகிற இடத்தைக் குறிப்பிடாமல் பயண அனுமதி கேட்க வழியில்லை. மோடத்தில் அன்றைய பெயர்கள் இறங்கி முடிந்தன. திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. நிஸா தேடினாள். ஒரு வரி வந்தது: தம்பிராசா, இலங்கைத்துறை.

"இருக்கிறார் அக்கா!"

இராசமலர் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. எந்த முகாம் என்று பார்க்க நிஸா அந்த வரியைத் திறந்தாள். அந்த நேரம், அரச அதிபர் அலுவலகமான கச்சேரிப் பக்கம் குண்டு வெடித்தது.

யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாரோ மெயினை இறக்கினார்கள். எல்லோரும் நிலத்தில். பீப். பீப். நான் சேர்வரை ஒழுங்காக நிறுத்துவதற்காகத் தவழ்ந்து போனேன். கீழே வீதியில் சப்பாத்துச் சத்தம்.

"அதை நிப்பாட்டுங்கோ!" மேசைக்குக் கீழிருந்து பாக்கியரத்தினம் சேரின் குரல், அடக்கிய அலறலாக. "ஐயோ, அந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ!"

"ஒரு நிமிசம் சேர்..."

ஒரு நிமிடம் அவருக்கு நீளமாக இருந்தது. கையை நீட்டிப் பொத்தானை அவரே அமத்திவிட்டார்.

வீதி அடங்கியபின் சேர்வரைப் போட்டோம். எக்ஸ்எஃப்எஸ் ஒரு நொடியில் கடையைத் திறந்தது. பெயர்க் கோப்பு இருந்தது, அதே அளவில், அதே நேர முத்திரையோடு. உள்ளே முழுவதும் பூச்சியம். முதல்நாள் எக்ஸ்எஃப்எஸ்ஸைப் போடுமுன் எடுத்த பிரதியைத்தான் மீட்க முடிந்தது. அதில் தம்பிராசா இல்லை. மட்டக்களப்புக்குக் கேட்கலாம் என்றால் ரெலிபோனில் உயிரில்லை.

"இப்பத்தானே இருக்கிறார் எண்டது?" என்றா இராசமலர்.

மூட்டையையும் தட்டையும் வைத்து அவவுக்கு விளக்கினேன். குறுக்கிடாமல் கேட்டா.

"அப்ப வைக்காமலே வைச்சிட்டன் எண்டு சொல்லியிருக்கு. அது பிழையில்லை தம்பி, பொய்."

பாக்கியரத்தினம் சேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி," என்றார் கடைசியில். "உம்முடைய ஆமையைப் போடும்."

கொழும்புப் பாதை மூடியிருந்தது, அவரும் போக ஏலாது. இருவருமாகக் குந்திப் பொறுமையாகச் செய்தோம். எக்ஸ்ற்-3, இரட்டை எழுத்தோடு. அது மட்டும் போதாது. வட்டுக்குள்ளேயே ஒரு சிறு நினைவகம் இருக்கிறது. தகட்டில் எழுதுமுன்பே எழுதிவிட்டேன் என்று மேலே சொல்லிவிடும். துறைப் படியில் சாமான் கிடக்கும்போதே ஏற்றியாயிற்று என்று கூவுகிற பாதைப் படகுக்காரன் மாதிரி. அதையும் அணைத்தோம். கொஞ்சப் பெயர் வந்ததும் உடனுக்குடன் வட்டுக்குத் தள்ளிவிட்டுத்தான் அடுத்ததை வாங்கவேண்டும் என்று தரவுத்தளத்துக்கும் சொன்னோம். எல்லாம் முடிந்தபோது அது மாட்டு வண்டிதான். சேர் நேரம் அளக்கவில்லை.

இராசமலர் ஒவ்வொரு நாளும் வந்து வாங்கில் இருந்தா. பக்கத்தில் கிளிவெட்டிக் குணரத்தினம், வயல் செய்கிற வயதான கமக்காரர், மகள் கமலேஸ்வரியைத் தேடி வருகிறவர், கச்சேரிப் பக்கம் வெடித்த அன்றும் அதே வாங்கில் இருந்தவர். ரெலிபோன் வரவில்லை, வரவில்லை, வரவில்லை.

ஒரு பின்னேரம் மோடம் தானாகவே கீச்சிடத் தொடங்கியது. லைன் வந்த உடனே அழைக்கும்படி நான்தான் எழுதி வைத்திருந்தேன். பெயர்கள் இறங்கத் தொடங்கின, ஆமை வேகத்தில்.

இராசமலர் எழும்பி ஓடி வந்தா. "லைன் வந்திட்டுதா? எடுத்துக் கேளுங்கோ தம்பி! ஒரு சொல்லுத்தானே!"

"இப்ப எடுத்தா இது அறுந்துபோகும் அக்கா. அதே லைன்தான். எல்லாற்றை பேரும் வந்துகொண்டிருக்கு."

"எனக்கு எல்லாற்றை பேரும் வேண்டாம். ஒரு பேர்!"

நிஸாவின் கை ரெலிபோனுக்குப் பக்கத்தில் போனது. என்னைப் பார்த்தாள். "யோகலிங்கம் அண்ணன், கேட்டிட்டு மறுகா அனுப்பச் சொல்லுவமே?"

"மறுகா லைன் இருக்குமெண்டு ஆர் சொன்னது?" என்றேன். " வாங்கில இருக்கிற மற்ற ஆக்கள்? தொடாதீங்கோ."

தொடவில்லை. திரையில் எண்ணிக்கை ஊர்ந்தது. எக்ஸ்எஃப்எஸ் என்றால் எப்போதோ முடிந்திருக்கும் என்று எனக்கே தெரியும். பாக்கியரத்தினம் சேரும் அதை நினைத்திருப்பார். வாய் திறக்கவில்லை, அதற்கு அவருக்கு நன்றி.

முக்கால்வாசி வந்திருக்கும். துறைமுகப் பக்கமிருந்து வெடிச்சத்தம், அதற்குப் பின்னால் சரமாரியாகத் துவக்குச் சத்தம். யன்னல். மெயின். நிலம். பீப். இந்த முறை யாரும் யாரையும் கேட்கவில்லை. நிஸா யூபிஎஸ்ஸை அமத்தினாள். இருட்டில் இராசமலரின் மூச்சு எனக்குப் பக்கத்தில் கேட்டது.

"தொடாதீங்கோ எண்டீங்கள்," என்றா மெதுவாக.

அந்த இருட்டில் நான் களஞ்சியக்காரனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பலகையில் எழுதியிருப்பானா? நான் சொன்ன எல்லாவற்றையும் செய்தேனா? ஒரு தெரிவை மறந்திருந்தால் போதும். ரெலிபோனை எடுத்திருந்தால் இந்நேரம் அவவின் வாயில் அந்த முகாமின் பெயர் இருந்திருக்கும்.

சத்தம் ஓய்ந்து மெயினை ஏற்றியதும், சேர்வர் எழும்பி, பலகையைப் பார்க்கிறேன் என்று ஒரு வரி போட்டது. விடுபட்ட மூட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தது. தரவுத்தளம் திறந்தது. நிஸா தட்டினாள்.

தம்பிராசா. இலங்கைத்துறை. தொழில், மீன்பிடி. முகாம், கடற்கரை வீதிப் பாடசாலை, மட்டக்களப்பு. மனைவி இராசமலர், திருகோணமலையில் இருப்பதாக நம்புகிறார்.

நிஸா அதை உரக்க வாசித்தாள். கடைசி வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னா இராசமலர். பிறகு முகாமின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பையைத் தூக்கி, படியில் இறங்கினா. அனுமதி கேட்கும் இடம் மூடமுன் போகவேண்டும்.

"அது வேலை செய்யுது," என்றார் பாக்கியரத்தினம் சேர்.

"ஓம் சேர்."

குணரத்தினம் மேசைக்கு வந்தார். கமலேஸ்வரி என்று நிஸா தட்டினாள். இல்லை. வேறு மாதிரியும் தேடிப் பார்த்தாள். இல்லை.

"வந்த அளவு அப்பிடியே இருக்கு ஐயா," என்றேன். "மிச்சம் வரமுந்தி அறுந்து போட்டுது, திரும்ப லைன் கிடைக்கேல்லை. களஞ்சியத்துக்கு வந்து சேராத மூட்டையை எந்தக் களஞ்சியக்காரனும்..."

"அந்தக் கதை அண்டைக்கே கேட்டனான் தம்பி. நல்ல கதை." அவர் குரலை உயர்த்தவில்லை. "லைன் இருக்கேக்க எடுத்து, இராசமலற்றை ஆளையும் என்ரை பிள்ளையையும் ஒரு வாய் கேட்டிருக்கலாமெல்லோ? அவவுக்குத்தான் பெட்டி குடுத்திட்டுது."

என்னிடம் விளக்கம் இருந்தது. எண்ணூறு பேருடைய பெயர் வந்து சேர்ந்திருக்கிறது, எடுத்திருந்தால் அவ்வளவும் வந்திராது. சரியான விளக்கம்தான். அவருடைய மகள் அந்த எண்ணூறில் இல்லை.

மோடத்தின் வயரைக் கழற்றி ரெலிபோனில் கொழுவி, அதை வாங்கில் அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். கையில் எடுத்துக் காதில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"ஒண்டும் கேக்கேல்லை," என்றார்.