செருப்பை வெளியே விடு

சுண்டுவின் மடிக்கணினி மண்டையைப் போட்டபோது, ஒரு கொலைகாரன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வாயைத் திறந்திருந்தான். வெளிநாட்டுப் படங்களின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை எழுதுவதுதான் அவள் பிழைப்பு. திரை அப்படியே இருண்டுவிட்டது. பழுது பார்ப்பவர் ஒரு வாரம் ஆகும் என்று கையை விரித்தார். படத்தையோ மறுநாள் மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். வேறு வழி தெரியாமல், அலமாரியின் மேல்தட்டில் பழைய போர்வைகளுக்கு அடியில் கிடந்த அம்மாவின் மடிக்கணினியைக் கீழே இறக்கினாள்.

அம்மா வீட்டைவிட்டுப் போய் ஆறேழு வருடம் ஆகிறது. சண்டையில்லை, சத்தமில்லை. ஒரு கல்லூரியில் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் காலையில் இரண்டு பைகளோடு வாசலில் நின்று, "என்னைத் தேடாதீங்க. நான் நல்லாத்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சுண்டு அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாள். அம்மா போன பிறகுதான், சுவரில் மாட்டியிருந்த வைஃபை பெட்டியும் இல்லை என்பதை அப்பா கவனித்தார்.

"நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டு அதை மட்டும் கூட்டிட்டுப் போயிட்டா" என்று அவர் சுண்டுவிடம் சொல்லிச் சிரிப்பார். வெளியாட்கள் யாராவது கேட்டால், "ஊருக்குப் போயிருக்கா" என்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். முகத்தை மாற்றாமல் பொய் சொல்ல அவருக்கு வராது. இந்த ஒரு பொய் மட்டும் நன்றாகப் படிந்துவிட்டது.

மடிக்கணினி உயிரோடுதான் இருந்தது. கணினியை இயக்க அம்மா லினக்ஸைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள் என்பதால் அதிலும் லினக்ஸ்தான். ஆனால் உள்ளிருந்த வைஃபை செத்திருந்தது. இணைய வயர் சொருகும் துளையும் உடைந்திருந்தது. சுண்டு தெருமுனைக் கடைக்குப் போய், விரல் நக அளவிலான ஒரு யுஎஸ்பி வைஃபை வாங்கி வந்தாள். "லினக்ஸா? சொருகிப் பாருங்க. ஓடினா உங்க அதிர்ஷ்டம்" என்று கடைக்காரர் முன்கூட்டியே கை கழுவிவிட்டார்.

ஓடவில்லை. சொருகியதும் அதன் விளக்குகூட எரியவில்லை. என்னவெல்லாம் சொருகியிருக்கிறது என்று கணினியைக் கேட்டாள். வைஃபை என்ற பேச்சே இல்லை. ஒரு சிடி டிரைவ் இருப்பதாகச் சொன்னது.

"சிடியா? இந்தத் தம்மாத்துண்டுக்குள்ள சிடி எங்க போகும்?" என்றார் அப்பா, காய்கறி நறுக்கிக்கொண்டே. அவர்கள் வீட்டில் சமையலறைச் சாப்பாட்டு மேசைதான் அவளுடைய அலுவலகம்.

"சில சனியன் இப்படித்தான்ப்பா. முதல்ல வேற ஏதோ மாதிரி வேஷம் போடும். அந்த வேஷத்தைக் கலைச்சாத்தான் நிஜம் வெளியே வரும்."

அந்தப் பொய்ச் சிடியை வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்தாள். கண்ணிமைக்கும் நேரத்தில் சிடி மறைந்து, அதே இடத்தில் வேறொரு பெயரும் எண்ணும் வந்தன. இப்போது வைஃபை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அதை ஓட்டும் டிரைவர் மென்பொருள் கணினியில் இல்லை.

"டிரைவர் இல்லாம வண்டி எப்படிம்மா ஓடும்?" என்று அப்பா கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

அந்தச் சில்லுக்கான டிரைவரை யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இணையத்தில் போட்டிருந்தார். அப்பாவின் கைப்பேசியை யுஎஸ்பி வயரில் இணைத்து, சிக்னலுக்காகப் பால்கனிக் கம்பியில் அதைச் சாய்த்துவைத்து, சொட்டுச்சொட்டாக இறக்கினாள். அதைக் கணினிக்கு ஏற்றபடி கட்டிப் பார்த்தால், லினக்ஸின் மையமான கெர்னலோடு பொருந்தவில்லை என்று பாதியில் வாந்தியெடுத்தது. அந்தப் புண்ணியவான் விட்டிருந்த பழைய பதிப்பைத் தேடி, அதற்குத் தேவையான கெர்னல் கோப்புகளையும் இறக்கி, மறுபடி கட்டினாள். வரிகள் ஓடின. இந்த முறை எங்கேயும் தடுக்கவில்லை. டிரைவரை ஏற்றினாள். நக அளவு பிளாஸ்டிக்கில் நீல விளக்கு ஒருமுறை மினுக்கி, அணைந்து, பிறகு நிதானமாக மினுக்க ஆரம்பித்தது.

"வந்துடுச்சு!" என்று மேசையைத் தட்டினாள்.

பக்கத்து வீட்டு வைஃபைகளின் பட்டியல் வரும், அதில் தங்கள் வீட்டுப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காத்திருந்தாள். பட்டியலே வரவில்லை. அவள் எதையும் தொடுவதற்குள், திரையின் மூலையில் ஒரு வரி வந்து நின்றது. இணைந்துவிட்டதாம்.

SERUPPAI VELIYE VIDU.

அதை நாலைந்து முறை படித்தாள். செருப்பை வெளியே விடு. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்போடு உள்ளே நுழைவதைப் பொறுக்காமல் அம்மா வைஃபைக்கு வைத்த பெயர் அது. வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு காலைப் பார்ப்பார்கள். பெட்டி போனதோடு அந்தப் பெயரும் போயிற்று. இப்போது வீட்டில் இருப்பது நிறுவனம் மாட்டிக் கொடுத்தது. அதற்குப் பெயர்கூட வெறும் எண்தான்.

"அப்பா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

அவர் கத்தியோடு வந்து, கண்ணாடியை மேலேற்றிப் படித்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது, யாரோ கழற்ற மறந்துவிட்டது போல.

"அவ கம்ப்யூட்டர்தானே, பழைய பேரை ஞாபகம் வெச்சிருக்கும்."

"பேரை ஞாபகம் வெச்சிருக்கும்ப்பா. ஆனா அதுவா போய்ச் சேரணும்னா, அந்தப் பக்கம் ஒண்ணு கூப்பிடணும். காத்துல அந்தப் பேர் இப்ப இருக்கு."

"வேற யாராவது அதே பேர் வெச்சிருந்தா?"

"பாஸ்வேர்டும் அதேயா வெச்சிருப்பாங்க?"

அந்தக் கடவுச்சொல் நீளமான ஒரு வாக்கியம். அவர்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வைஃபை பெட்டிக்கும் தனக்கென ஓர் எண் உண்டு, மனிதனுக்குக் கைரேகை போல. மடிக்கணினி தான் முன்பு சேர்ந்த பெட்டிகளின் எண்களை ஒரு மூலையில் வைத்திருக்கும். சுண்டு அதைத் திறந்து, இப்போது காற்றில் வரும் எண்ணோடு ஒப்பிட்டாள். கடைசி எழுத்துவரை அதே எண். அதே பெட்டி.

வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். ஆனாலும் அவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஆறேழு வருடமாகத் திறக்காத கணினி. கண்ணைத் திறந்த முதல் வேலையாக அம்மாவைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அந்த இணைப்பில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஒரே ஒரு கருவி. எண்ணைப் பார்த்தால் கைப்பேசி மாதிரி இருந்தது. இருக்கிறாயா என்று கேட்கும் சின்னக் கட்டளை ஒன்று உண்டு. அந்தப் பக்கம் இருந்தால் பதிலுக்கு ஒரு வரி வரும். அதைத் தட்டினாள்.

ஒரு வரி வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. மூச்சு விடுவது போல, சீராக.

"என்ன சொல்லுது?" என்றார் அப்பா.

"இருக்கேன்னு சொல்லுது."

அவர் கத்தியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இருவரும் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு வரி தாமதமாக வந்தது. இன்னொன்று அதைவிடத் தாமதமாக. அப்புறம் ஒன்றுமே இல்லை. பதில் இல்லை, பதில் இல்லை என்று திரை நிரம்பியது. நீல விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது.

"கட் ஆயிடுச்சா?"

"இல்லப்பா. பெட்டி அங்கேயேதான் இருக்கு. போன் மட்டும் போயிடுச்சு." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்தது. "புதுசா ஏதாவது வந்து சேர்ந்தா அம்மா போனுக்குத் தகவல் போகும். முன்னாடியே அப்படித்தானே வெச்சிருந்தா? நாம சேர்ந்ததைப் பார்த்துட்டா. அவ கம்ப்யூட்டர் பேரையே பார்த்திருப்பா. அப்பா, அவ கிளம்பிட்டு இருக்கா!"

மடிக்கணினியைத் திறந்தபடியே இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். கூடத்துக்குப் போனால் சிக்னல் இறங்கியது. சமையலறை ஜன்னலுக்கு வந்தால் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே, குழந்தைகள் விளையாடும் திடலுக்கு அப்பால், அதே வளாகத்தின் எதிர்க் கட்டடம் நின்றது.

இருவரும் ஓடினார்கள். அப்பா செருப்புகூடப் போடவில்லை. எதிர்க் கட்டடத்து லிஃப்டின் கதவருகே போனதும் அவர் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது இப்பத்தான் கீழ வந்து நின்னிருக்கு. கயிறு இன்னும் அடங்கலை" என்றார். யாரும் இல்லை. படிக்கட்டில் ஏறினார்கள். ஒவ்வொரு தளத்திலும் சுண்டு மடிக்கணினியைத் தாலாட்டுவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரான தளத்தில், கடைசிக் கதவின் முன் சிக்னல் முழுதாக நின்றது.

சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். "அக்காவைத் தேடுறீங்களா? இப்பத்தான் ஒரு பையோட வேகமா போனாங்க. எங்கேன்னு கேட்டேன், ஊருக்குன்னு சொன்னாங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. சுருட்டிய மெத்தை, ஒரு பாத்திரம், ஒரு தட்டு. அடுப்பின் மேல் டீ கொதித்து வழிந்திருந்தது. அம்மா அடுப்பை அணைத்திருந்தாள், வழிந்ததைத் துடைக்கவில்லை. தொட்டால் இன்னும் சூடு. சுவரில் வைஃபை பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. ஜன்னலை ஒட்டி ஒரே ஒரு நாற்காலி. அதன் குஷன் நடுவில் குழிந்து, வெகுகாலம் ஒரே ஆள் உட்கார்ந்த அடையாளத்தோடு இருந்தது.

சுண்டு கீழே வாசலுக்கு ஓடினாள். காவலாளி, அந்தம்மா ஒரு வண்டியில் ஏறிப் போய்விட்டார் என்றார். எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் இங்கே இருந்தாராம். யாரோடும் வம்பு இல்லை, தும்பு இல்லை; நல்ல மனுஷி என்றார். வீட்டு வைஃபையிலேயே ஒட்டிக்கிடந்த புதுக் கைப்பேசிகளில், சுற்றியுள்ள பெயர்களின் பட்டியலைச் சுண்டுவும் அப்பாவும் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சுண்டு, இங்க வந்து பாரு."

திடலுக்கு அப்பால் அவர்கள் வீட்டுச் சமையலறை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது போல முழுசாகத் தெரிந்தது. மேசை, அதன் மேல் பாதி நறுக்கிய காய்கறி, கத்தி, அவள் தள்ளிவிட்டு எழுந்த நாற்காலி. ஆளில்லாத தன் வீட்டைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது அவளுக்கு என்னவோ செய்தது. அந்த ஜன்னலில் யாராவது வந்து நின்றுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

"தினமும் பார்த்திருக்கா" என்றார் அப்பா. "நான் சாம்பார் வெக்கறது, தீய விடறது, நாம சண்டை போடறது, எல்லாம். ஒரு தடவைகூடக் கதவைத் தட்டணும்னு தோணலையா?"

"பார்த்தாப் போதும்னு இருந்திருக்கும்ப்பா."

"நமக்குப் போதுமா?"

சுண்டுவுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை எதன்மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை. வழிந்திருந்த டீயைத் துணியால் துடைத்தாள். இருட்டும்வரை காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. அந்த வீட்டின் உரிமையாளருக்கு, காலி செய்துவிட்டதாக அம்மாவிடமிருந்து ஒரே ஒரு வரி போயிருந்தது. அதன் பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவேயில்லை.

உரிமையாளர் வந்தபோது அப்பா சுவரைக் காட்டி, "அது எங்க வீட்டுப் பெட்டிங்க" என்றார். அவர் ஒன்றும் கேட்காமல் கழற்றிக் கொடுத்தார்.

கொலைகாரனின் ஒப்புதல் வாக்குமூலம் ஒருநாள் தாமதமாகத்தான் போயிற்று. சுண்டு திட்டு வாங்கினாள். அம்மாவின் பெட்டியை அதன் பழைய இடத்தில் மாட்டி, பெயரையும் கடவுச்சொல்லையும் தொடாமல் விட்டாள். சமையலறை ஜன்னலுக்குத் திரை போடலாமா என்று அவள் கேட்டதற்கு அப்பா வேண்டாம் என்றுவிட்டார். யாராவது அம்மாவைப் பற்றி விசாரித்தால் இப்போதெல்லாம், "எங்க இருக்கான்னு தெரியலைங்க" என்கிறார். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் சட்டை போடாமல் சமையலறைக்குள் வருவதில்லை.

எதிர்க் கட்டடத்து வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்து பல நாள் கழித்து ஒரு மத்தியானம், சுண்டு வேலையில் மூழ்கியிருந்தபோது, அம்மா பெட்டியின் இணைப்பில் ஒரு கருவி வந்து சேர்ந்ததாகத் திரையில் ஒரு வரி வந்தது. எண்ணைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. அன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அதே கைப்பேசி. அந்தப் பெட்டியின் வீச்சு வாசல், படிக்கட்டு, கீழே திடல், மிஞ்சிப்போனால் எதிர்க் கட்டடம்வரைதான்.

"அப்பா" என்றாள், உதடு அசையாமல். "வந்திருக்கா."

அப்பாவின் கையில் கத்தி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. அவர் ஜன்னல் பக்கமோ கதவுப் பக்கமோ திரும்பவில்லை.

"திரும்பிப் பார்க்காதே. இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பிறகு வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தார், எப்போதையும்விட மெதுவாக.