பாய்மரத்தடியின் கமி

பன்னிரண்டாம் நாள் காலையிலும் ஷிகெனோ சாமி மாடத்தில் தண்ணீரை மாற்றினாள். பழைய அரிசியையும் உப்பையும் எடுத்துவிட்டுப் புதிது வைத்தாள். இரண்டு முறை குனிந்தாள், இரண்டு முறை கை தட்டினாள். "அவரைக் கொண்டாந்து சேர்த்துடுங்க" என்றாள். கமிகள் எனும் வீட்டுச் சாமிகளுக்கு வேண்டியது அவ்வளவுதான்: சுத்தமான தண்ணீர், காதில் விழும்படி ஒரு கைதட்டு, பிறகு ஒளிக்காமல் சொல்லும் ஒரு வாய்.

பக்கத்து வீட்டுக் கிகுயே வாசலில் நின்றாள். ஒரு கையில் சுருட்டிய வெள்ளைக் காகிதம், மறு கையில் பசைக் கிண்ணம்.

"இன்னிக்கும் வந்துட்டியா?"

"நேத்துப் பசையில எங்க வீட்டுப் பூனை ஒட்டிக்கிச்சுக்கா. இது இப்பக் காய்ச்சினது."

"அப்பப் பூனையவே ஒட்டிக்க. என் மாடத்துப் பக்கம் வராத."

கிகுயே சிரித்தாள், ஆனால் போகவில்லை. வீட்டில் சாவு விழுந்தால் அதன் தீட்டு கமிகள்மேல் படக் கூடாது. முதலில் வீட்டார் வாய்விட்டு இறந்தவர் பெயரை மாடத்தில் சொல்ல வேண்டும். படையலை எடுத்துவிட்டு மாடத்தின் சின்னக் கதவுகளைச் சாத்த வேண்டும். அதன்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டுவது வெளியாள். வீட்டார் கையில் தீட்டு இருக்கிறதல்லவா? பிறகு ஐம்பது நாள் தண்ணீர் கிடையாது, கைதட்டு கிடையாது, வேண்டுதல் கிடையாது.

அந்தக் கடைசி விஷயத்தைத்தான் ஷிகெனோவால் ஏற்க முடியவில்லை. கணவாய் பிடிக்கப் போன அவள் கணவன் யசுசோவைப் புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை. காகிதம் ஒட்டிவிட்டால் அவனுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

யசுசோவின் தம்பி தொகுஜி அன்று காலையும் வந்து மன்றாடினான்.

"அண்ணி, மூணு நாள்ல திருவிழா. அண்ணன் போயிட்டான்னா நான் சாமிப் பல்லக்கைத் தொடக் கூடாது, தொட்டா ஊருக்கே தீட்டு. உசுரோட இருக்கான்னா தோள் குடுக்காம நிக்கக் கூடாது. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"பன்னெண்டு நாள் ஆச்சு அண்ணி! காகிதத்த ஒட்டச் சொல்லிடுங்க."

"அவரு சந்தைக்குப் போனாலே பத்து நாள் ஆக்குவாரு. போடா."

மத்தியானம் அவன் மறுபடி வந்தான். இம்முறை கத்தவில்லை. துணியில் சுற்றிய ஒரு மரத்துண்டைத் தரையில் வைத்தான். "கரையில கெடந்துச்சு" என்றான்.

கையகல மரக்கட்டை, நடுவில் அடைத்த துளை. ஷிகெனோ அடைப்பை விரலால் தடவியதுமே யார் உளி என்று தெரிந்தது. அவள் படகுத் தச்சன் மகள். யசுசோவின் படகைக் கட்டியது அவள் அப்பா.

பாய்மரம் ஊன்றும் அடிக்கட்டையில் படகின் கமி குடியிருக்கும். தச்சன் துளை போட்டு உள்ளே காகிதப் பொம்மைகள் இரண்டு, ஐந்து தானியம், தானே செதுக்கிய பகடைகள் இரண்டு வைப்பான். பகடையில் ஒன்றாம் எண் முகம் வானம் பார்க்கும், ஆறாம் எண் கடலடி பார்க்கும், மூன்று முன்னே, நான்கு பின்னே. கூடவே படகுக்காரன் மனைவியின் முடி.

அவள் அடைப்பைப் பிடுங்கினாள். ஈரத்தில் ஒட்டிய கறுத்த முடிக்கற்றை வெளியே வந்தது. அவளுக்கு இருபது வயதில் வெட்டிய முடி. அதில் அவள் போட்ட கெட்டி முடிச்சு அப்படியே இருந்தது. "முடியக் கட்டச் சொன்னா திமிங்கலத்தக் கட்டியிருக்கியே" என்று யசுசோ அன்று வயிறு வலிக்கச் சிரித்திருந்தான்.

தொகுஜி அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனான். "அண்ணி, கட்டை மட்டும் கழண்டு மிதந்திருக்கலாம். அண்ணன் வேற படகுல ஏறி, எங்கயாவது ஒரு தீவுல..."

"கழலாதுடா."

"இல்ல அண்ணி, அலை அடிச்ச அடியில..."

"கேளு. படகு அடியில ஓடுற முதுகுக்கட்டைல இத எறக்கி, ரெண்டு பக்கமும் விலாக்கட்டைய மாட்டி, மேல பலகைய அடிச்சாரு எங்கப்பா. நான் ஆணி எடுத்துக் குடுத்தேன். பலகை எல்லாம் போனாத்தான் விலா போகும். விலா போனாத்தான் இது வெளிய வரும். மொதல்ல உள்ள போறது இதுதான், கடைசியா வெளிய வர்றதும் இதுதான்." அவள் முடியை மறுபடி துளைக்குள் வைத்தாள். "படகு இல்லடா."

"படகு போனா ஆளுமா?" என்றான். ஒரு வாரமாகக் காகிதம் ஒட்டச் சொல்லி மன்றாடியவன் அவன்தான்.

"கணவாய் பிடிக்கிற எடம் கரைலேருந்து ரெண்டு நாள் தூரம். இந்தக் குளிருத் தண்ணி."

கிகுயேயை அவளே போய்க் கூப்பிட்டாள்.

மாடத்தின் முன் இரண்டு முறை குனிந்தாள். கைகளைத் தட்டப்போய், உள்ளங்கைகள் சேரும் இடத்தில் ஓசை வராமல் நிறுத்தினாள். சாவு வீட்டில் கைதட்டு கேட்கக் கூடாது. "யசுசோ" என்றாள். தொகுஜியும் கிகுயேயும் தலை குனிந்து நின்றார்கள். "யசுசோ செத்துட்டாரு."

தண்ணீர், அரிசி, உப்பு மூன்றையும் இறக்கினாள். கதவுகளைச் சாத்தினாள். கிகுயே முக்காலிமேல் ஏறிக் காகிதத்தை ஒட்டினாள்.

"நேரா இருக்கான்னு பாருங்கக்கா."

ஷிகெனோ இரண்டடி பின்னால் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"எடப்பக்கம் ஒரு நூல் எறங்கியிருக்கு. தூக்கு. இன்னும் கொஞ்சம். ம், போதும்."